பிட்சரின் சம்பளத்தைப் பேசும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் கடைசிப் பந்து எறியப்பட்ட மறுநாளே பேஸ்பால் ரசிகர்களுக்கு இன்னோர் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. எந்த பிட்சரை (பந்து எறிபவரை) எடுக்கலாம், யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், யாரை விட்டுவிடலாம் என்று பிப்ரவரி வரை வாக்குவாதம் ஓயாது. எனக்கு மிகவும் பிடித்த பருவம் இது. ஆனால் அதில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சில தவறுகள் உழைத்துச் சம்பாதித்த ஒருவரைப் பேராசைக்காரராக்கிவிடுகின்றன. அது மனதை உறுத்துவதால்தான் எழுதுகிறேன்.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: எல்லாச் சம்பளத்தையும் ஒரே தராசில் வைப்பது. அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் ஒரு வீரரின் முதல் மூன்று ஆண்டுகளில் அணி நிர்வாகம் சொல்வதுதான் சம்பளம். 2023இல் அதன் கீழ்வரம்பு 7 லட்சத்து 20 ஆயிரம் டாலர். மூன்றாண்டு முடிந்தபின், ஆறாண்டு நிறையும் வரை அவர் வேறு அணிக்குப் போக முடியாது. ஆனால் சம்பளத்தில் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் குழுவிடம் போகலாம். களத்தில் நிற்கும் நடுவர்கள் அல்ல இவர்கள். தொழில் தகராறுகளைத் தீர்த்துவைப்பவர்கள். ஆறாண்டு நிறைந்த பிறகுதான் வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார், எல்லா அணிகளும் அவருக்கு விலை பேசலாம். ஆகவே நான்காம் ஆண்டு பிட்சரின் சம்பளத்தைக் காட்டி, சந்தைக்கு வந்துவிட்ட பிட்சர் அநியாயமாகக் கேட்கிறார் என்று சொல்வது பொருந்தாது. முன்னவருக்கு விலை பேச ஒரே ஓர் அணிதான் இருக்கிறது.

இந்த ஆண்டுக் கணக்கும் நாட்காட்டிக் கணக்கு அல்ல. கீழ்நிலை அணிகளில் அல்லாமல் முதன்மை அணியில் 172 நாள் இருந்தால் ஓராண்டு. சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட் 2015இல் 171 நாளோடு நின்றார். அந்த ஒரு நாளால் அவருடைய விடுதலை ஓராண்டு தள்ளிப்போனது. முறையிட்டுப் பார்த்தும் 2020இல் தோற்றார். அவர் பேட்ஸ்மேன் என்றாலும் பிட்சர்களுக்கும் இதே விதிதான். எதிர்த்திசையிலும் ஒரு விலக்கு உண்டு: இரண்டாண்டு கடந்து மூன்றாண்டு நிறையாதவர்களில் அதிக நாட்கள் சேர்த்த 22 சதவீதத்தினர் ஓராண்டு முன்னதாகவே நடுவரிடம் போகலாம். இவர்களை ‘சூப்பர் டூ’ என்பார்கள். ஓர் இளம் பிட்சரை எப்போது மேலே அழைப்பது என்று வாதாடுபவர்கள் இந்த நாள் கணக்கைப் பார்க்காமல் பேசினால் பாதிக் கதையைத் தவறவிடுவார்கள்.

அடுத்து, நடுவர்கள் இரு தரப்புக்கும் நடுவே ஒரு தொகையை வெட்டிக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை. இது முழுத் தவறு. ஜனவரி நடுவில் வீரர் ஒரு தொகையையும் நிர்வாகம் ஒரு தொகையையும் எழுதிக் கொடுக்கிறார்கள். மூன்று நடுவர்கள் அந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வீரரின் மதிப்பு அந்த இரு தொகைகளின் நடுப்புள்ளிக்கு ஒரு டாலர் மேலே இருந்தால் அவர் கேட்டது கிடைக்கும், கீழே இருந்தால் நிர்வாகம் சொன்னது. காரணம் எழுதித் தரமாட்டார்கள். இரு தரப்பும் வரம்பு மீறாமல் கேட்க வேண்டும் என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

முடியாதவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். மில்வாக்கி ப்ரூவர்ஸ் பிட்சர் கார்பின் பர்ன்ஸ் 2021இல் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைப் பெற்றவர். 2022இல் 243 பேரை ஸ்டிரைக் அவுட் ஆக்கி, அதாவது மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றி, அந்த லீக்கிலேயே முதலிடம். 2023 பிப்ரவரியில் அவர் கேட்டது 1 கோடியே 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர். நிர்வாகம் சொன்னது 1 கோடியே 10 ஆயிரம். இடைவெளி 7 லட்சத்து 40 ஆயிரம், ஏறக்குறைய ஒரு புதுமுகத்தின் ஆண்டுச் சம்பளம்.

இத்தனை சிறிய தொகைக்கா வழக்கு என்று இரு தரப்பையும் திட்டினார்கள் ரசிகர்கள். அங்கேதான் இன்னொரு தவறு. தொகைகளை எழுதிக் கொடுத்த பிறகு ஓராண்டு ஒப்பந்தம் பற்றிப் பேசுவதே இல்லை என்பது பல அணிகளின் கொள்கை. அதோடு, இன்றைய தீர்ப்பு நாளை இதே தரத்தில் வரும் பிட்சர்கள் எல்லோருக்கும் ஒப்பீட்டு அளவுகோல். பர்ன்ஸ் விட்டுக்கொடுத்திருந்தால் அவருக்குப் பின்னால் வருபவர்களும் சேர்ந்து இழந்திருப்பார்கள்.

அந்த விசாரணை எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மேசை, மூன்று நடுவர்கள், இரு பக்கமும் வழக்கறிஞர்கள். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு மணி நேரம், பிறகு மறுப்புக்கு அரை மணி நேரம். நான்கைந்து மாதம் முன்பு வரை தான் யாருக்காகக் கையை வருத்திப் பந்து எறிந்தாரோ, அந்த நிர்வாகத்தின் ஆட்கள் தன் குறைகளை ஒவ்வொன்றாக அடுக்குவதை வீரர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். பர்ன்ஸ் தோற்றார். 2022இல் அணி பிளேஆஃப் சுற்றுக்குப் போகாததற்குத் தன்னையே முதன்மைக் காரணமாக நிறுத்தினார்கள் என்றும், உறவு புண்பட்டுவிட்டது என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவரைப் பால்டிமோருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பரிமாற்றத்துக்கு விசாரணைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஃப்ரீ ஏஜென்ட் ஆக அவருக்கு ஓராண்டுதான் மீதி இருந்தது. ஆனால் இதெல்லாம் வெறும் வியாபாரம், வீரர்கள் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்பவர்கள் அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

புள்ளிவிவரத்திலும் நாம் தடுமாறுகிறோம். பந்தின் சுழற்சி, வேகம், எதிர்பார்க்கப்படும் ரன் என்று நாம் அலசும் நவீன அளவுகளைவிட நடுவர்கள் முன் எடுபடுவது பழைய எண்கள்தான். யாங்கீஸ் அணியின் டெலின் பெட்டான்சஸ் 2016இல் 73 இன்னிங்ஸில் 126 ஸ்டிரைக் அவுட் எடுத்தவர், தொடர்ந்து மூன்றாண்டு ஆல்ஸ்டார். ஆனால் கடைசி இன்னிங்ஸைக் காத்து ‘சேவ்’ கணக்கைச் சேர்க்கும் வேலை பெரும்பாலும் அவருடையதாக இல்லை. 50 லட்சம் கேட்டார், 30 லட்சமே கிடைத்தது. வெற்றி எண்ணிக்கை மட்டுமே செல்லும் என்று மறுபக்கம் சாய்வதும் பிழை. நியூயார்க் மெட்ஸ் பிட்சர் ஜேக்கப் டிகிராம் 2018இல் 10 வெற்றி, 9 தோல்வி. ஆனால் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக 1.70 ரன். சை யங் விருது வந்தது. சம்பளம் 74 லட்சத்திலிருந்து பேச்சுவார்த்தையிலேயே 1 கோடியே 70 லட்சத்துக்கு உயர்ந்தது. அணி முதலாளியின் செல்வமோ, பத்திரிகைகள் எழுதியதோ, முன்பு பேசிய தொகையோ நடுவர்கள் முன் சாட்சியம் ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வழக்கில் வென்றால் பணம் கைக்கு வந்த மாதிரிதான் என்பதும் உண்மையல்ல. 2024இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் ஜே.டி. டேவிஸ் நடுவர்களிடம் 69 லட்சம் வென்றார். பிறகு அணி அதே இடத்துக்கு வேறொருவரை எடுத்தது. மார்ச்சில் டேவிஸை விடுவித்தது. அவருக்குக் கிடைத்தது சுமார் 11 லட்சம். விசாரணைக்குப் போகாமல் சமரசம் செய்துகொண்டிருந்தால் முழுத் தொகையும் உறுதியாகியிருக்கும்.

ஃப்ரீ ஏஜென்ட் ஒப்பந்தங்களில் தலைப்புச் செய்தியின் தொகையை அப்படியே நம்புவதுதான் சறுக்கல். டாட்ஜர்ஸ் அணியில் சேர்ந்த ஷோஹேய் ஓதானியின் 70 கோடி டாலரில் 68 கோடி, பத்தாண்டு முடிந்த பிறகு தருவதாக ஒத்திவைக்கப்பட்டது. ஆண்டுக்குக் கையில் வருவது 20 லட்சம். சம்பளச் செலவு வரம்பு மீறும் அணிகள் கட்டும் ஆடம்பர வரிக் கணக்கில் ஏறுவது சுமார் 4.6 கோடி. எதைப் பற்றி வாதாடுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பிட்சரின் விலை இறங்கட்டும் என்று அணிகள் மார்ச் வரை காத்திருப்பது சாமர்த்தியம் என்பார் சிலர். 2024இல் பிளேக் ஸ்னெல்லும் ஜோர்டன் மான்ட்கமரியும் அப்படித்தான் கடைசியில் கையெழுத்திட்டார்கள். இருவருமே பயிற்சி முகாமைத் தவறவிட்டவர்கள். மான்ட்கமரி அந்த ஆண்டு முழுவதும் மீளவில்லை, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 6.23 ரன். ஸ்னெல் தொடக்கத்தில் தடுமாறினாலும் ஆகஸ்ட் 2 அன்று சின்சினாட்டிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார், இதை நோ-ஹிட்டர் என்பார்கள்.

கடைசியாக, நடந்து முடிந்ததை வைத்து ஒப்பந்தத்தை எடைபோடும் பழக்கம். வாஷிங்டன் நேஷனல்ஸ் இரண்டு பிட்சர்களுக்கு ஏழாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. 2015இல் மேக்ஸ் ஷெர்சருக்கு 21 கோடி: இரண்டு சை யங், ஒரே ஆண்டில் இரண்டு நோ-ஹிட்டர், 2019 உலகத் தொடர் கோப்பை. அந்தக் கோப்பை வென்ற கையோடு ஸ்டீபன் ஸ்டிராஸ்பர்க்குக்கு 24.5 கோடி: அதன் பிறகு அவர் ஆடியது மொத்தம் எட்டே ஆட்டங்கள். கையெழுத்திட்ட அன்று ஷெர்சருக்கு வயது 30. ஸ்டிராஸ்பர்க்குக்கு 31, அந்த உலகத் தொடரின் சிறந்த வீரர் அவர்தான். 209 இன்னிங்ஸ் எறிந்து முடித்திருந்தார். ஒன்று மேதைமை, மற்றது முட்டாள்தனம் என்று அன்றே யாரால் சொல்லியிருக்க முடியும்? நரம்பு நெருக்கத்தால் ஒரு மனிதர் தன் தொழிலையே இழந்ததைப் பணத்தைச் சுருட்டிக்கொண்டார் என்று எழுதுபவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

டிகிராமுக்கு டெக்சஸ் 2022 டிசம்பரில் ஐந்தாண்டுக்கு 18.5 கோடி கொடுத்தபோதும், அடுத்த ஆண்டு ஆறே ஆட்டங்களில் முழங்கை போனபோதும் இதே கூச்சல்தான். 2025இல் அவர் 30 ஆட்டங்களில் பந்து எறிந்தார், சராசரி 2.97. பர்ன்ஸும் ஒருவழியாகச் சந்தைக்கு வந்து அரிசோனாவிடம் ஆறாண்டுக்கு 21 கோடி பெற்றார். 2025 ஜூனில் அவருக்கும் முழங்கை அறுவை சிகிச்சை. அந்த ஒப்பந்தம் வீண் என்று அன்று மாலையே தீர்ப்பு எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதில் இன்னும் ஐந்தாண்டுக்கு மேல் மீதி இருந்தது.