குரங்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தம்பி தன் முதுகலை ஆய்வுத் திட்டத்தைக் காட்டினான். வெர்வெட் குரங்கு, இரண்டு கூட்டம். தலையில் கை வைத்துக்கொண்டேன். ஏழு வருடத்துக்கு முன் நான் எழுதியதேதான். நோட்டு நனைவது, பைனாகுலரை மறந்துவிட்டுப் போவது எல்லாம் தானாகவே சரியாகிவிடும். திட்டத்திலேயே இருக்கும் இந்தத் தவறு ஆகாது.

எண்ண வேண்டியது குரங்கையா, கூட்டத்தையா?

வீடுகளுக்கு நடுவே வாழும் குரங்குகள் அதிகம் சண்டை போடுகின்றனவா என்பது என் கேள்வி. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வீட்டோரமாக ஒரு கூட்டம், காட்டுக்குள் ஒரு கூட்டம். பதினான்கு மாதம், 41 குரங்கு, ஆயிரத்துக்கு மேல் பதிவு. "நம்ம கூரை மேலேயே இருக்கே, இதுக்கு ஒரு படிப்பா?" என்று ஆயா தினமும் கேட்பார். எல்லாம் முடிந்தபின் புள்ளியியல் படித்த அக்கா ஒருவரிடம் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "வீட்டோரக் கூட்டம் எத்தனை?" ஒன்று. "அப்போ உன்கிட்ட இருக்கிறதும் ஒண்ணுதான்."

அந்த வருடம் அங்கே புதிதாக ஒரு முரட்டு ஆண் வந்து சேர்ந்திருக்கலாம். சண்டைக்குக் காரணம் அதுவா, வீடுகளா? பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ஒரே கூட்டத்தில் பலமுறை எடுத்த பதிவுகளைத் தனித்தனிச் சாட்சியாக எண்ணும் இந்தத் தவறுக்குச் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984லேயே 'சூடோரெப்ளிகேஷன்' என்று பெயர் வைத்துவிட்டார். நான் படித்திருந்தேன், எலிக்கூண்டு வைத்திருப்பவர்கள் பாடு என்று விட்டுவிட்டேன்.

வெர்வெட்டில் இது இன்னும் மோசம். குரங்கு ஆய்வாளர் எரிக்கா வான் டெ வாலின் குழு, டர்பன் இருக்கும் இதே குவாசுலு-நடால் மாகாணத்தில் நான்கு கூட்டங்களுக்கு நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமிட்ட சோளம் வைத்தது. ஒரு நிறம் கசக்கும்; எது என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். பிறகு கசப்பை எடுத்துவிட்டார்கள். அப்போதும் குட்டிகள் தாய் தின்ற நிறத்தையே தின்றன. வேறு கூட்டத்துக்கு மாறிப்போன ஆண்களில் பெரும்பாலானவை அந்த ஊர் நிறத்துக்கு மாறின. 2013இல் வந்த ஆய்வு இது. ஒன்றைப் பார்த்து ஒன்று நடக்கும் குரங்குகளை நாற்பத்தொரு தனிச் சாட்சியாக நான் எண்ணியிருக்கிறேன்!

வீட்டோரம், காடு என்று பக்கத்துக்கு நாலைந்து கூட்டமாவது பாருங்கள், ஒவ்வொன்றிலும் குறைந்த நாள் போதும். கணக்குப் போடும்போது மென்பொருளில் கூட்டத்தின் பெயரைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். பக்கத்துக்கு ஒன்றே இருந்தால் அதுவும் கைகொடுக்காது.

கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவது

பெரிய ஆணின் கூச்சல்தான் பதிவாகும், ஓரமாகப் பேன் பார்க்கும் பெண் பதிவாகாது. விலங்குகளின் நடத்தையை எந்த முறையில் கவனித்துப் பதிய வேண்டும் என்று ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுக் காட்டுக்குப் போங்கள்.

புள்ளியியல்காரரிடம் கடைசியில் போவது

முதலில் போங்கள்.

வாழைப்பழம் கொடுப்பது

கூடாது. ஆயாவிடமும் சொல்லிவையுங்கள். என் வீட்டோரக் கூட்டத்துக்கு யார் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பத்தாவது மாதம்தான் தெரிந்தது.