கார்பன் அதிகம் என்றால் முதல் சூப்பர்நோவாவா? இரும்பு குறைந்த விண்மீன்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லடாக்கின் ஹான்லேயிலுள்ள 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியை பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் இருந்தபடியே இயக்குகிறார்கள். அதன் நிறமாலையை வைத்து புராஜெக்ட் செய்யும் நம் மாணவர்கள், இரும்பு சூரியனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக (−3 டெக்ஸுக்குக் கீழ்; டெக்ஸ் என்பது பத்தடிமான மடக்கை அலகு, 0 என்றால் சூரியனுக்குச் சமம்) உள்ள விண்மீனில் கார்பன் மிகுந்திருந்தால், அது முதல் தலைமுறை சூப்பர்நோவா சிதறிய பொருளிலிருந்து பிறந்தது என்று உடனே எழுதிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் பேரியம். 4554, 4934 ஆங்ஸ்ட்ராம் கோடுகளை அளந்து பாருங்கள். பேரியம்-இரும்பு விகிதம் சூரியனைவிடப் பத்து மடங்குக்கு மேல் (+1) போனால், அந்தக் கார்பன் பெரும்பாலும் துணை விண்மீன் கொடுத்தது. ஏஜிபி எனும் முதுமைக் கால வீங்கிய கட்டத்தில் கார்பனையும் பேரியத்தையும் உண்டாக்கி இதன்மேல் கொட்டிவிட்டு, அந்தத் துணை இன்று வெள்ளைக் குள்ளனாகக் கண்ணுக்குப் படாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே இரவில் எடுத்த ஆரத் திசைவேகத்தை (நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகம்) நம்பி ‘தனி விண்மீன்’ என்று முடிவுகட்டுவதும் தவறு. சுற்றுக்காலம் பல ஆண்டுகள் இருக்கலாம். இடைவெளி விட்டுப் பலமுறை அளக்க வேண்டும். பேரியம்-இரும்பு விகிதம் 0 டெக்ஸுக்குக் கீழே, அதாவது சூரியனைவிடக் குறைவாக, இருந்தால் சூப்பர்நோவா பக்கம் போகலாம்.

முதிர்ந்து வீங்கிய செம்பூத விண்மீன்களில் சிக்கல் நேரெதிர். உள்ளிருந்து கலந்து மேலே வரும் பொருளில் கார்பனின் ஒரு பகுதி நைட்ரஜனாக மாறியிருக்கும். திருத்தம் சேர்க்காவிட்டால், பிறக்கும்போதே கார்பன் மிகுந்திருந்த விண்மீன் ‘கார்பன் மிகுந்தது’ என்பதற்கான கார்பன்-இரும்பு விகித வரம்பான +0.7க்குக் கீழே விழுந்து கணக்கில் விடுபட்டுவிடும்.

அடுத்தது வளிமண்டல மாதிரி. ஒருபரிமாண, வெப்பச் சமநிலை மாதிரி 4300 ஆங்ஸ்ட்ராமிலுள்ள சிஎச் (கார்பன்-ஹைட்ரஜன்) மூலக்கூறுப் பட்டையில் கார்பனைக் கூட்டிக் காட்டும். நடுநிலை இரும்புக் கோடுகளில் இரும்பைக் குறைத்துக் காட்டும். இரண்டும் சேர்ந்து கார்பன்-இரும்பு விகிதத்தை ஊதிவிடுகின்றன. இரும்பு குறையக் குறைய இந்தப் பிழை பெருகும். அந்த எண்ணைத் திருத்தாமல் சூப்பர்நோவா எந்தத் தனிமத்தை எவ்வளவு உண்டாக்கும் என்ற விளைச்சல் அட்டவணையோடு பொருத்தவே கூடாது.

சூரிய அளவுகோலையும் கலக்காதீர்கள்: ஹைட்ரஜனை 12 என்று வைக்கும் மடக்கை அளவில், 1998 பட்டியலில் கார்பன் 8.52, 2009 பட்டியலில் 8.43. 3933.7 ஆங்ஸ்ட்ராம் கால்சியம் கோட்டில் விண்மீனிடை வாயுவின் கோடு ஒட்டியிருக்கிறதா என்று திசைவேகத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

மேல்வரம்பை அளவீடாக எழுதுவதுதான் அதிகம் குழப்பும் தவறு. எஸ்எம்எஸ்எஸ் ஜே0313-6708 என்ற விண்மீனில் 2014இல் இரும்புக் கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை, −7.1 என்பது ‘இதற்குக் கீழே’ என்று மட்டும் சொல்கிறது. நான்கைந்து தனிமங்களே கையில் இருக்கும்போது, வெடித்த விண்மீனின் நிறையும் வெடிப்பு ஆற்றலும் வேறுபட்ட பல சூப்பர்நோவா மாதிரிகள் ஒரே தரவுக்குப் பொருந்தும். நைட்ரஜன், துத்தநாகம் கிடைத்தால் தேர்வு குறுகும். கிடைக்காவிட்டால் ஒற்றை நிறையைச் சொல்லாமல் பொருந்தும் மாதிரிகள் எல்லாவற்றையும் அட்டவணையில் கொடுங்கள்.