மாநில மானியத்தில் கவுண்டியின் நிலப் பயன்பாட்டுத் திட்டம்: எங்கிருந்து தொடங்குவது, எதற்குச் செலவிடுவது

அமெரிக்காவில் ஒரு கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) தன் எல்லை முழுமைக்கும் நிலப் பயன்பாட்டுத் திட்டம் வகுக்க மாநில மானியம் பெற்றால், பணம் வந்த நாளை வைத்து வேலையைத் திட்டமிடக் கூடாது. திட்டம் சட்டமாக நிறைவேற வேண்டிய நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொரு பணிக்கும் காலமும் பணமும் ஒதுக்க வேண்டும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓரிகன் 1973இலும் வாஷிங்டன் மாநிலம் 1990இலும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலுக்குத் தத்தமக்கென்று சட்டம் இயற்றிக்கொண்டன. 72 கவுண்டிகள் கொண்ட விஸ்கான்சின், நிலப் பயன்பாட்டை மற்றத் துறைகளோடு சேர்த்து வகுக்கக் கோரும் முழுமைத் திட்டச் சட்டத்தை 1999இல் கொண்டுவந்தபோதே அதற்கான மானியத்துக்கும் வழி செய்ததால், இங்கே அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

அந்தச் சட்டப்படி திட்டத்தில் ஒன்பது பகுதிகள் இருந்தாக வேண்டும்: ஊரின் நிலையும் வாய்ப்புகளும், வீட்டுவசதி, போக்குவரத்து, குடிநீர் முதலிய பொது வசதிகள், வேளாண்மையும் இயற்கை, பண்பாட்டு வளங்களும், பொருளாதார வளர்ச்சி, அண்டை அரசு அமைப்புகளுடன் ஒத்துழைப்பு, நிலப் பயன்பாடு, நடைமுறைப்படுத்தல். மானிய ஒப்பந்தத்தில் வரும் பணிப் பட்டியலை இந்த ஒன்பதோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலில் இல்லாத பகுதிக்கு மானியத்திலிருந்து பணம் எடுக்க முடியாது. சட்டம் கேட்கும் பகுதி ஒன்று விடுபட்டுப்போனால் அதன் செலவைக் கவுண்டியே ஏற்க நேரும்.

பின்னோக்கி எண்ணுவதை இனிப் பார்ப்போம். கவுண்டி வாரியம் தன் மொத்த உறுப்பினர்களின் பெரும்பான்மை வாக்கில் திட்டத்தை உள்ளாட்சிச் சட்டமாக நிறைவேற்றுவதே கடைசிப் படி. அதற்கு முன் ஒரு பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமாவது நடந்திருக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக, திட்டத்தின் சுருக்கத்தோடும் அதன் நகலை எங்கே பார்வையிடலாம் என்ற விவரத்தோடும் செய்தித்தாளில் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். உரிமம் பெற்றுக் கல், மணல், சரளை எடுப்பவர்களுக்குத் தனியாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது பலரும் மறந்துவிடும் விதி. இவற்றோடு, வரைவைத் தயாரித்து வாரியத்துக்குப் பரிந்துரைக்கும் குழுவான திட்ட ஆணையத்தின் தீர்மானத்துக்கும், மக்கள் கருத்துகளுக்கு ஏற்ப வரைவைத் திருத்துவதற்கும் காலம் சேர்த்தால், மானியக் காலம் முடிவதற்கு ஆறு மாதமாவது முன்னதாக முழு வரைவு கையில் இருப்பது நல்லது என்பது என் கணிப்பு. மக்கள் எவ்வாறு பங்கேற்பார்கள் என்பதை எழுத்து வடிவில் வகுத்து வாரியம் ஏற்க வேண்டும் என்றும் சட்டம் சொல்வதால், இந்த வரிசையின் முதல் படியாக அதையே வையுங்கள்.

கணக்கு விஷயத்தில் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். விஸ்கான்சின் மாநில அரசின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. கவுண்டியின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. கவுண்டி தன் பங்காகப் போட வேண்டிய தொகை எந்த ஆண்டின் வரவுசெலவில் இடம்பெறும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே நிதி அலுவலரோடு பேசி முடிவுசெய்யுங்கள். முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு பில் கொடுத்துப் பெறும் முறையிலேயே பல மானியங்கள் இயங்குகின்றன. ஒப்பந்தத் தேதிக்கு முன் செய்த வேலைக்குப் பணம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஊழியர்களின் உழைப்பை ஈடுபங்காக, அதாவது கவுண்டி போட வேண்டிய தொகைக்குப் பதிலாக, காட்ட ஒப்பந்தம் இடம் தந்தால், மணிக்கணக்குத் தாளை முதல் வாரத்திலிருந்தே எழுதிவர வேண்டும். ஆண்டு முடிவில் நினைவிலிருந்து எழுதிய தாள் தணிக்கையில் நிற்காது.

பணத்தை எதில் போடுவது என்பதுதான் மிகக் கவனமாகச் சிந்திக்க வேண்டிய கேள்வி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களும், கூட்டாட்சி வேளாண் துறையின் மண் வகை வரைபடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை மறுபடி தொகுத்து அழகாக அச்சிட ஆலோசக நிறுவனத்துக்குப் பெருந்தொகை கொடுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செலவு. அந்தப் பணத்தை, எந்த நிலம் இன்று எதற்குப் பயன்படுகிறது என்ற களக் கணக்கெடுப்புக்கும், கவுண்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு டவுனிலும் (ஊரக உள்ளாட்சிப் பிரிவிலும்) விவசாயிகள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடத்துவதற்கும் திருப்புங்கள். நிலப் பயன்பாட்டுப் பகுதியில், குடியிருப்பு, வேளாண்மை, வணிகம், தொழில் ஆகியவற்றுக்கு வருங்காலத்தில் எவ்வளவு நிலம் தேவைப்படும் என்பதை 20 ஆண்டுகளுக்கு, ஐந்தைந்து ஆண்டுப் படிகளாகக் கணித்துத் தர வேண்டும். இன்றைய கணக்கெடுப்பு பிழையாக இருந்தால் அந்தக் கணிப்புகள் அனைத்தும் பிழையாகும்.

இதன் விளைவு காகிதத்தோடு நிற்பதில்லை. திட்டம் தன்னளவில் ஒழுங்குமுறை விதி ஆகாது என்று சட்டம் தெளிவாகச் சொன்னாலும், 2010 ஜனவரி 1 முதல் ஜோனிங் (எந்தப் பகுதி நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தல்), மனைப்பிரிவு, ஏரி ஆற்றுக் கரையோர விதிகளைக் கவுண்டி புதிதாக இயற்றினாலோ திருத்தினாலோ அவை திட்டத்துக்கு இசைவாக இருக்க வேண்டும். வருங்காலப் பயன்பாட்டை நிறங்களால் காட்டும் திட்ட வரைபடத்தில் ஒரு பண்ணை நிலம் என்ன நிறத்தில் இருக்கிறது என்பது, பத்து ஆண்டு கழித்து அதன் உரிமையாளர் வீட்டுமனை கேட்டு வரும்போது வழங்கப்படும் பதிலைத் தீர்மானிக்கலாம். ஆகவே நடைமுறைப்படுத்தல் பகுதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல், எந்த விதியை யார் எந்த வரிசையில் திருத்துவார் என்று அதில் எழுதுவதற்கும் மானியத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவையுங்கள்.

நிறைவேறிய திட்டத்தின் நகல்களை எல்லைக்குள் இருக்கும் அரசு அமைப்புகளுக்கும், அண்டை உள்ளாட்சிகளுக்கும், மாநில நிர்வாகத் துறைக்கும், வட்டாரத் திட்ட ஆணையத்துக்கும், பொது நூலகத்துக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கான சான்றை இறுதி பில்லோடு இணைத்துவிடுங்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது திட்டத்தைப் புதுப்பிக்கச் சட்டம் கோருவதால், வரைபடங்களின் மூலக் கோப்புகளும் கணக்கெடுப்புத் தரவுகளும் கவுண்டிக்கே உரியவை என்ற விதியை ஆலோசகருடனான ஒப்பந்தத்தில் சேர்த்து, கோப்புகள் கைக்கு வந்து திறந்து பார்த்த பிறகே அவருடைய கடைசித் தவணையை விடுவியுங்கள்.