கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு நிறத்தை மட்டும் விட்டுவைத்தல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

இலங்கையின் வன்னிப் பகுதியில் உள்ள முள்ளியவளையில் மழை விட்ட ஒரு காலையில், செம்மண் ஒழுங்கையோர வேலியில் பூத்திருந்த செவ்வரத்தம்பூவை நான் எடுத்த படத்தை வைத்தே இந்தச் செய்முறையை விளக்குகிறேன். படம் முழுவதையும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, பூவின் சிவப்பை மட்டும் விட்டுவைப்பதே நமது நோக்கம்.

எந்தப் பொருளின் நிறத்தை விட்டுவைப்பது என்பதைப் படம் எடுப்பதற்கு முன்னரே முடிவு செய்துகொள்ளுங்கள். செவ்வரத்தை இதற்கு மிகவும் பொருத்தமானது. சாம்பல் நிறத்துக்கு மாற்றும்போது வழக்கமான கணக்கீட்டில் பச்சைக்கு ஏறத்தாழ 72 விழுக்காடும், சிவப்புக்கு 21 விழுக்காடும், நீலத்துக்கு 7 விழுக்காடும் எடை கொடுக்கப்படுவதால், நம் கண்ணுக்குப் பளீரெனத் தெரியும் சிவப்புப் பூ, கரும்பச்சை இலைகளின் அளவுக்கே மங்கி அவற்றோடு கலந்துவிடும். கறுப்பு வெள்ளையில் காணாமற்போகும் பொருளுக்கு நிறத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் இந்த முறைக்கு அர்த்தம் உண்டு. கார்த்திகை மாதத்தில் வேலிகளில் படரும் கார்த்திகைப்பூ இதைவிட அழகானதுதான்; ஆனால் அதன் இதழோரங்கள் நெளிநெளியாக இருப்பதால், கை பழகும்வரை அதைத் தவிர்ப்பது நல்லது.

படத்தை நிறத்திலேயே எடுக்க வேண்டும். கமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி ஜேபெக் (JPEG) என்ற வழக்கமான படக்கோப்பாக எடுத்தால், இழந்த நிறத்தை மீட்க வழியில்லை. சில கமராக்களில் ஒரு நிறத்தை மட்டும் தாமாகவே விட்டுவைக்கும் வசதி உண்டு. வன்னியில் அதை நம்ப வேண்டாம் என்பேன். பூவின் சிவப்பைத் தேடும் கமரா, ஒழுங்கையின் செம்மண்ணையும் சேர்த்தே விட்டுவைக்கும். ஆகவே கையால் தீட்டுவதே சரியான வழி.

கணினியில் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, அதன் லேயரை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய படத் தாளை, ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள பிரதியைத் தேர்ந்தெடுத்து, கலர்ஸ் பட்டியலில் உள்ள டீசாச்சுரேட் மூலம் கறுப்பு வெள்ளையாக்குங்கள். பின்னர் அந்த லேயருக்கு வெள்ளை நிற லேயர் மாஸ்க் (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மூடி) ஒன்றைச் சேர்த்து, மாஸ்க் தெரிவாகி இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, கறுப்பு நிறத் தூரிகையால் பூவின்மேல் தீட்டுங்கள். தீட்டிய இடத்தில் மேல் லேயர் மறைந்து, அடியிலுள்ள சிவப்பு வெளிப்படும். கை தவறி இலையில் பட்டுவிட்டால் எக்ஸ் விசையை அழுத்தி, வெள்ளைக்கு மாறி, அந்த இடத்தை மறுபடி மூடிவிடலாம், எதுவும் அழிவதில்லை.

கைப்பேசியில் ஸ்னாப்சீட் செயலியின் கறுப்பு வெள்ளைக் கருவியைப் பயன்படுத்திய பின், செய்த திருத்தங்களின் பட்டியலைத் திறந்து, அந்தத் திருத்தத்துக்குரிய தூரிகையால் இதே வேலையைச் செய்யலாம்.

பொறுமை வேண்டியது ஓரங்களில்தான். படத்தை 200 அல்லது 300 விழுக்காட்டுக்குப் பெருப்பித்து, இதழின் நடுப்பகுதியைப் பெரிய தூரிகையாலும், ஓரத்தைச் சிறிய தூரிகையாலும் தீட்டுங்கள். தூரிகையின் ஓரம் மிகக் கூர்மையாக இருந்தால் பூ கத்தரித்து ஒட்டியதுபோல் தெரியும். மிக மென்மையாக இருந்தால் இதழைச் சுற்றிப் பச்சை கசியும். நடுத்தண்டின் நுனியில் உள்ள மஞ்சள் மகரந்தத்தின் நிறத்தையும் விட்டுவையுங்கள், அதுவும் பூவின் பகுதியே.

என் படத்தில் முதலில் நான் தவறவிட்டது, வேலியடியில் மழைநீர் தேங்கிய குழியில் விழுந்திருந்த பூவின் சாயலை. மேலே சிவந்த பூவும் கீழே சாம்பல் நிறச் சாயலுமாக இருந்த அந்தப் படத்தில் ஏதோ பொய்யிருப்பதுபோல் பட்டது. காரணம் புரிய இரண்டு நாட்கள் ஆயின. நீரிலுள்ள சாயலையும், பூவை ஒட்டிய இலையின் துளியில் தெரியும் சிவப்பையும் தேடிப் பார்த்துத் தீட்டுங்கள். ஆனால் அங்கே தூரிகையின் ஒபாசிட்டியை (தீட்டும் அடர்த்தியை) 60 அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாகக் கிம்பின் எக்ஸ்சிஎஃப் வடிவில் ஒரு கோப்பும், பகிர்வதற்கு ஜேபெக் வடிவில் இன்னொரு கோப்பும் சேமியுங்கள். முதலாவதில் லேயர்கள் அப்படியே இருப்பதால், மறுநாள் புதுக் கண்ணோடு பார்த்துத் திருத்த முடியும்.