சின்ன உப்புக்கொத்திக்குப் பெயர் எழுதுவது எப்படி

கொப்பியைத் திறந்தவுடன் பறவையின் பெயரை எழுத வேண்டாம். முதலில் திகதி, நேரம், இடம். பிறகு பறவை என்ன செய்தது, முகம் எப்படி, கால் என்ன நிறம். பெயர் எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் கீழே மூன்று நான்கு வரி வெறுமையாக விட்டு. என்னிடம் உயர்தர உயிரியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்வது இது. கேட்பதில்லை. போன வேகத்தில் "கென்டிஷ் உப்புக்கொத்தி, 14" என்று கிறுக்கிவிட்டு அடுத்த கூட்டத்தைத் தேடிப் போய்விடுவார்கள். அந்த ஒற்றை வரியை இன்று எடுத்து வைத்துக்கொண்டு அது எந்தப் பறவை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெயருக்குள் இருந்த சின்னக் கரைப்பறவையை 2023இல் வந்த ஆய்வு இரண்டாகப் பிரித்துவிட்டது: மாரியில் வந்து போகும் கென்டிஷ், இங்கேயே வாழும் அனுமன்.

பறவை சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது, பதினைந்து பதினாறு சென்ரிமீற்றர். முதுகு காய்ந்த மணல் நிறம், வயிறு வெள்ளை. நிற்கும்போது கண்ணில் படாது, ஓடினால்தான் தெரியும். மட்டக்களப்பில் பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் முகத்துவாரத்து மணல், பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறு பாலங்களின் அடி, வடக்கே பனிச்சங்கேணி, வாகரை, தெற்கே பொத்துவில் களப்பு, பாணமை, குமண வரை தேடிப் பார்க்கலாம். வேறு நாடுகளில் கரைப்பறவை பார்க்கப் போகிறவர்கள் வற்றுப்பெருக்கு அட்டவணையைக் கையில் வைத்திருப்பார்கள். நம் கரையில் வற்றுப்பெருக்கு அவ்வளவு பெரிதில்லை. மாரி மழை எவ்வளவு, முகத்துவாரம் வெட்டித் திறந்தாயிற்றா என்பதுதான் வாவியின் மட்டத்தைத் தீர்மானிக்கும். வாய் திறந்து தண்ணீர் இறங்கிச் சேறு வெளியே தெரிந்தால் அந்தக் கிழமையே போய்விட வேண்டும்.

காலையில் போங்கள். சூரியன் கடலில் எழுகிறபடியால், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று வாவிப் பக்கம் பார்த்தால் பறவையின் மேல் வெளிச்சம் விழும். மாறி நின்றால் கறுப்பு உருவம் மட்டும்தான் கிடைக்கும். எட்டு மணி கடந்தால் மணலில் கானல் எழும்பி முகத்தைக் கலைத்துவிடும். நமக்கு வேண்டியது அந்த முகம்தான்.

சரி, கூட்டம் கண்ணில் பட்டுவிட்டது. முதலில் நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி நாலு அடி ஓடும், சடக்கென்று நிற்கும், பார்க்கும், கொத்தும், மறுபடி ஓடும். பெரிய கண்ணால் பார்த்துப் பிடிக்கிற பறவை அது. பக்கத்திலேயே மேயும் கொசு உள்ளான் அப்படியில்லை. தலையைக் குனிந்தபடி தையல் மெஷின் ஊசிபோல் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். அலகு நுனியின் தொடு உணர்வு அதற்குப் பெரிய உதவி. இரண்டும் இரு வேறு குடும்பங்கள், கரையில் அவற்றைப் பிரித்தறிய இந்த வித்தியாசம் நல்ல அடையாளம்: உப்புக்கொத்தி கரட்ரிடே, உள்ளான் ஸ்கோலோபாசிடே. பல குடும்பங்களை அடக்கும் மேல் தொகுதியை வருணம் என்போம். இரண்டுக்கும் அது ஒன்றுதான், கரட்ரிஃபோர்மிஸ். கடற்காகமும் ஆலாவும்கூட அதே வருணம் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பாடப்புத்தகத்தில் வருணம் என்பது மனப்பாடம் செய்யும் சொல்லாகவே நின்றுவிடுகிறது. கரையில் நின்று சொல்லிக் கொடுத்தால் மறக்காது.

அடுத்தது கழுத்து. பின்கழுத்தில் வெள்ளைப் பட்டை தெரிகிறதா? மார்பின் இரு ஓரத்திலும் கறுப்போ பழுப்போ திட்டாக இருந்து நடுவில் சேராமல் நிற்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நாம் தேடும் பறவைதான். மார்புப் பட்டை முழுதாகச் சேர்ந்து கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் அது பட்டாணி உப்புக்கொத்தி. பின்கழுத்தில் வெள்ளை இல்லாமல், ஆளும் பெரிதாய், அலகும் தடித்திருந்தால் மணல் உப்புக்கொத்தி. அதற்குப் பிறகு வருகிறேன்.

இனிதான் முகம். அலகுக்கும் கண்ணுக்கும் இடையில் உள்ள சின்ன இடைவெளியைப் பாருங்கள். கென்டிஷ் ஆண் இனப்பெருக்க இறகில் இருக்கும்போது அந்த இடத்தில் கறுத்த கோடு ஓடும். நம் ஊரிலேயே குஞ்சு பொரிக்கும் பறவைக்கு அந்த இடம் வெள்ளை. கால் நிறமும் உதவும்: கென்டிஷுக்குப் பெரும்பாலும் கறுப்பு, நம்முடையதற்குச் சாம்பல். நம்முடையது அளவிலும் சற்றுச் சின்னது. சிறகும் வாலும் அலகும் கட்டையானவை என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று: பெண்ணுக்கும் இளம் பறவைக்கும், இனப்பெருக்கம் இல்லாத மாதங்களில் ஆணுக்கும் முகம் வெளிறித்தான் இருக்கும். ஆகவே ஜனவரியில் வெள்ளை முகத்தைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இங்கே மாதம் கைகொடுக்கும். வடக்கிலிருந்து வரும் விருந்தாளிகள் மாரியோடு வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடுவார்கள். கச்சான் காற்று அனல் வீசும் மே, ஜூன், ஜூலையில் மணலில் முட்டையோடு இருப்பது இங்கேயே வாழும் பறவை. முட்டை இருக்கும் இடம் யாருக்குத் தெரியும் என்றால் கரைவலை இழுப்பவர்களுக்கு. "பெரியப்பா, இந்தக் கோடையில மணலுக்க முட்டை கண்டீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வெறுங்காலோடு பார்த்துப் பார்த்து நடப்பவர்கள், கையை நீட்டி இடத்தைக் காட்டுவார்கள். காட்டிய பிறகு கிட்டப் போகாதீர்கள். கூடு என்று ஒன்றும் கிடையாது, மணலில் ஒரு சின்னப் பள்ளம், இரண்டு மூன்று முட்டை. தாயோ தந்தையோ சிறகு முறிந்ததுபோல் நடித்து உங்களை வேறு பக்கம் இழுத்தால், நீங்கள் ஏற்கனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அந்த வெயிலில் பறவை எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வேகும். நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நான் இங்கே எழுதினால் நீளும்.

இப்போது பெயருக்கு வருவோம். கரட்ரியஸ் அலெக்ஸாண்ட்ரினஸ் என்பது 1758இல் லின்னேயஸ் வைத்தது, எகிப்தின் அலெக்ஸாந்திரியாவை நினைத்து. ஆங்கிலப் பெயரில் வரும் கென்ட் இங்கிலாந்தின் மாவட்டம். அந்தக் கென்டில் இப்போது இந்தப் பறவை வழக்கமாகக் குஞ்சு பொரிப்பதே இல்லை. 1915இல் ஏர்ன்ஸ்ட் ஹார்ட்டர்ட், ஆனி ஜாக்சன் என்ற இருவர் நம் பக்கத்துப் பறவையைத் தனித் துணையினமாக, அதாவது அதே இனத்துக்குள் ஒரு பிரிவாகப் பிரித்து சீபோமி என்று பெயரிட்டார்கள். ஜாக்சன் என்றதும் பிள்ளைகள் மீசை வைத்த துரை ஒருவரை நினைத்துக்கொள்கிறார்கள். இருபதுகளின் நடுவில் இருந்த பெண் அவர், கரைப்பறவைகளில் தேர்ந்தவர். என் வகுப்பில் முக்கால்வாசி பெண்பிள்ளைகள் என்றபடியால் இதை நான் இரண்டு தரம் சொல்வேன். சீபோம் என்பவர் ஷெஃபீல்டில் உருக்கு உற்பத்தி செய்தவர், உப்புக்கொத்திக் குடும்பம் உலகில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பெரிய நூல் எழுதியவர். 1895இல் இறந்துவிட்டார், பெயர் பின்னால் வந்து சேர்ந்தது.

நூறு ஆண்டுக்கு மேல் அது துணையினமாகவே கிடந்தது. பிறகு கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து உடல் அளவையும் மரபணுவையும் ஒப்பிட்டு, இது கென்டிஷிலிருந்து பிரிந்து பத்து லட்சம் ஆண்டுக்கு மேலாகிறது, தனி இனம்தான் என்று 2023இல் எழுதினார்கள். பொதுப்பெயராக அனுமன் உப்புக்கொத்தி என்று முன்வைத்தார்கள். பறவை வாழ்வது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும், நடுவில் இராமர் அணை. அதனால் அந்தப் பெயர். எனக்குப் பிடித்திருக்கிறது. கென்டை விட எவ்வளவோ மேல்.

வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார்: "மிஸ், 2023இல தனி இனமாக்கின பறவைக்கு ஏன் 1915 என்று போடுறீங்க?" நல்ல கேள்வி. விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிக்கோவையின்படி ஒரு பெயரைத் துணையினமாக வைத்தாலும் இனமாக வைத்தாலும், முதலில் வைத்தவரும் ஆண்டும் மாறுவதில்லை. தரம்தான் உயர்கிறது, பிறந்த திகதி அதேதான். அடுத்தது அடைப்புக்குறி. பெயரை முதலில் வைத்தபோது இருந்த பேரினம், அதாவது பெயரின் முதல் சொல், பின்னர் மாறினால், வைத்தவர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். மாறாவிட்டால் போடக்கூடாது. ஆகவே ஒரே பறவை கொப்பியில் இப்படி மூன்று விதமாக வரும்:

கரட்ரியஸ் அலெக்ஸாண்ட்ரினஸ் சீபோமி ஹார்ட்டர்ட், ஜாக்சன், 1915

கரட்ரியஸ் சீபோமி ஹார்ட்டர்ட், ஜாக்சன், 1915

அனாரிங்கஸ் சீபோமி (ஹார்ட்டர்ட், ஜாக்சன், 1915)

முதலாவது பழைய துணையினம். இரண்டாவது தனி இனமான பிறகு. மூன்றாவதுதான் இன்றைய பட்டியல்களில் இருப்பது. அடைப்புக்குறியைப் பார்த்தவுடனே "இது பேரினம் மாறி வந்த பறவை" என்று வாசிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கையால் எழுதும்போது பேரினத்துக்கும் இனத்துக்கும் அடியில் கோடு போடுங்கள், வைத்தவர் பெயருக்குப் போடாதீர்கள். பரீட்சையில் இதற்குப் புள்ளி வெட்டுவார்கள்.

பேரினம் ஏன் மாறியது? மரபணு மரத்தை வரைந்து பார்த்தபோது கென்டிஷ், அனுமன், மணல் உப்புக்கொத்திகள் எல்லாம் கரட்ரியஸ் என்ற பெயர் எந்தப் பறவையோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்த வளைய உப்புக்கொத்தியோடு சேரவில்லை. நியூசிலாந்தில் அலகு வலப்பக்கம் வளைந்த ஒரு கரைப்பறவை உண்டு. இவை அதற்கு நெருங்கிய உறவாக இருந்தன. அந்த வளைந்த அலகுக்காரன் அனாரிங்கஸ் என்ற பேரினத்தில் தனியாக இருந்தது, உறவினர் எல்லோரும் இப்போது அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவற்றை ஒன்றாக அடுக்கிய காலம் போய், ஒரு முன்னோரின் வழி வந்தவற்றை மட்டும் ஒரே பேரினத்தில் வைக்கும் காலம் இது.

மணல் உப்புக்கொத்திக்கு வருகிறேன் என்றேன். அங்கேயும் இதே கதை, கொஞ்சம் சிக்கல் கூட. சின்ன மணல் உப்புக்கொத்தி என்று ஒரே பெயரில் எழுதி வந்தது இப்போது சைபீரியம், திபெத் என்று இரண்டு. 2022இல் வந்த மரபணு ஆய்வு ஒன்றில், திபெத் பறவை தன் பழைய பங்காளியான சைபீரியப் பறவையைவிடப் பெரிய மணல் உப்புக்கொத்திக்குத்தான் நெருக்கம் என்று வந்தது. நம் கரைக்கு வருவதில் பெரும்பாலானவை திபெத் பக்கத்தவை. மாரியில் இரண்டையும் பிரிப்பது வீண் முயற்சி. மார்ச் கடைசி, ஏப்ரலில் திரும்பிப் போகுமுன் நிறம் ஏறும்போது நெற்றியைப் பாருங்கள்: கறுத்திருந்தால் திபெத், கறுப்பு விளிம்புக்குள் வெள்ளை இருந்தால் சைபீரியம். இணையத்தில் பதிவு போடும்போது இரண்டையும் சாய்கோடு போட்டுச் சேர்த்துக் கொடுக்கும் தெரிவு இருக்கிறது. வெட்கப்படாமல் அதைப் பயன்படுத்துங்கள். துணிந்து ஒன்றை எழுதுகிறவரைவிடச் சாய்கோடு போடுகிறவரின் கொப்பியைத்தான் நான் நம்புவேன்.

எந்தப் பட்டியலைப் பின்பற்றுவது என்றும் கேட்பார்கள். 2025 வரை உலகப் பறவைப் பட்டியல்கள் பல, ஒன்றில் இனம் இன்னொன்றில் துணையினம். 2025 ஜூனில் அவற்றை ஒன்றாக்கி ஏவிலிஸ்ட் என்று ஒரு பொதுப் பட்டியல் வந்தது, அதன் முதல் பதிப்பில் 11,131 இனங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே எடுங்கள். எதை எடுத்தாலும் கொப்பியின் முதல் பக்கத்தில் பட்டியலின் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், இப்படி: "ஜூன், காலை 6.40, முகத்துவாரம் வடக்கு மணல், கச்சான் இன்னும் எழும்பவில்லை. இரண்டு பறவை. ஓடி நின்று கொத்துகின்றன. பின்கழுத்து வெள்ளை, மார்புத் திட்டு சேரவில்லை. ஆணின் கண்ணுக்கு முன்னால் வெள்ளை, கால் சாம்பல். ஒன்று சிறகை இழுத்து நடித்தது, திரும்பி வந்துவிட்டோம்." இதற்குக் கீழே அனுமன் உப்புக்கொத்தி என்று எழுதினால் எவரும் கேள்வி கேட்க முடியாது. நாளைக்கு அனாரிங்கஸையும் மாற்றினால், கீழே விட்ட வெறும் வரியில் புதுப் பெயரை எழுதிப் பக்கத்தில் ஆண்டைப் போடுங்கள். பழைய பெயரை வெட்டவோ அழிக்கவோ வேண்டாம். அன்றைக்கு எந்தப் பெயரில் தேடினால் கிடைக்கும் என்பதை அதுதான் சொல்லும்.

அப்புறம், முகமும் காலும் எழுதாத பழைய கொப்பிகள். அவற்றில் கென்டிஷ் என்று இருப்பதற்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு அனுமன் என்று சேர்த்து விட்டுவிடுங்கள். "நம்ம ஊர்ப் பறவை, அனுமனாகத்தான் இருக்கும்" என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், பதிவின் மாதத்தைப் பாருங்கள். மே, ஜூன், ஜூலை என்றால் சம்மதியுங்கள். டிசம்பர் என்றால் சாய்கோடு அப்படியே இருக்கட்டும்.