காம்பவுண்டு சுவருக்கு முன் புலப்படம் பாருங்கள்

காம்பவுண்டு சுவருக்கு அஸ்திவாரம் தோண்டும் முன், தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் உங்கள் சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்துப் புலப்படத்தை (எஃப்எம்பி, அதாவது நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் அரசு வரைபடம்) இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். எல்லைக் கோடு ஒவ்வொன்றின் நீளமும் அதில் மீட்டரில் இருக்கும், 3.28-ஆல் பெருக்கினால் அடி. பத்திரத்தில் எழுதிய அளவும் இதுவும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. டேப் பிடித்துப் பார்க்கும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும், கட்டிய சுவரை இடிக்கும் செலவு மிச்சம். அளக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள், அது ரொம்ப முக்கியம்.

கூட்டுப் பட்டாவில் (பலர் பெயரில் ஒன்றாக இருக்கும் பட்டா) உட்பிரிவு ஆகாத மனை என்றால் இது உதவாது. உங்கள் பங்கு படத்தில் தனியாகத் தெரியாது. எல்லையில் ஏற்கெனவே தகராறு இருந்தாலும் சர்வேயரை வைத்துக் கல் நட்ட பிறகே சுவர் எழுப்புங்கள்.