ஊருக்கு சோலார் கம்பெனி வருகிறதா? கிராம சபைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் ராமநாதபுரம் பக்கம் சோலார் வருகிற சேதி முதலில் டீக்கடைக்குத்தான் வரும். யாரோ ஒரு புரோக்கர் யாருடைய தரிசையோ விலை பேசிவிட்டுப் போயிருப்பார். "வரட்டும்ணே, எப்படியும் கருத்துக்கேட்புக் கூட்டம் போடுவாங்கல்ல, அப்பப் பேசிக்கிடலாம்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். அந்தக் கூட்டம் வராது. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி சோலார் தகடு வைக்கும் திட்டங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை, அதனால் அதையொட்டி நடக்கிற கூட்டமும் கிடையாது (காட்டு நிலம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதி என்றால் கதை வேறு). மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்கிலும் இது வெள்ளை வகை, அதாவது மாசு மிகக் குறைந்த தொழில். ஆக ஊர் கூடிப் பேச மிஞ்சியிருப்பது கிராம சபைதான், அதுவும் நிலம் கைமாறி வேலி விழுவதற்கு முன்னால்.

முதலில் எவ்வளவு நிலம் என்று கணக்குப் போடுங்கள். கமுதியில் 2016-இல் திறந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் இருக்கிறது, அதாவது மெகாவாட்டுக்கு ஏறக்குறைய நாலு ஏக்கர். உங்கள் ஊரில் 50 மெகாவாட் என்று பேச்சு அடிபட்டால் 200 ஏக்கர் வேண்டும். இதுவரை 150 ஏக்கர்தான் பத்திரமாகியிருக்கிறது என்றால் மீதி எங்கிருந்து வரப்போகிறது? பல நேரம் நடுவில் கிடக்கிற ஓடையும் வண்டிப்பாதையும் மந்தைவெளியும்தான் அந்த மீதி.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆள் யாரும் வேண்டாம். கிராம வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கைமாறிய சர்வே எண்களை வில்லங்கச் சான்றில் பார்த்து மஞ்சளில் அடியுங்கள். எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று காட்டுகிற அ-பதிவேட்டை அரசின் இணையச் சேவையில் திறந்து, புறம்போக்கு என்று வருகிறவற்றை நீலத்தில் அடியுங்கள். மஞ்சளுக்கு நடுவே நீலம் மாட்டிக்கொண்டிருக்கிற இடங்கள்தான் நீங்கள் சபையில் பேச வேண்டியவை. எங்கள் பக்கக் கண்மாய்கள் ஒன்று நிறைந்து அடுத்ததற்குத் தண்ணீர் விடுகிற சங்கிலி. இங்கே வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) மேல் மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தினால் காய்வது கீழூர்க் கண்மாய், அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கும் படத்தைக் காட்டிவிடுங்கள்.

படத்தில் தெரியாத ஆட்களும் உண்டு. பதிவேட்டில் தரிசு என்று எழுதியிருக்கும், ஆனால் அங்கே கீதாரி ஆடு மேய்ப்பார், சீமைக்கருவேலை வெட்டிக் கரி மூட்டம் போட்டு நாலு குடும்பம் பிழைக்கும். அவர்களிடம் பட்டா இருக்காது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கிராம சபையில் பட்டாதாரர் அளவுக்கு அவர்களும் உறுப்பினர்தான். கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

விற்கிறவரைத் துரோகி என்று பேசாதீர்கள், தயவுசெய்து. மானாவாரி மிளகாய் போட்டு மழை பொய்த்துப்போன மனுஷனிடம் விற்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவரிடம் வேறு இரண்டு விஷயம் சொல்லலாம். பொது அதிகாரப் பத்திரத்தில் (அவர் பெயரில் இன்னொருவர் நிலத்தை விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரம்) கையெழுத்துப் போட வேண்டாம். கிரயத்துக்குப் பதில் குத்தகைக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்கட்டும், ஆனால் பதிவு செய்த குத்தகையாக இருக்க வேண்டும், வாடகை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை ஏறும், காலம் முடிந்தால் கான்கிரீட்டையும் தகடுகளையும் யார் செலவில் எடுப்பது என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் 25 வருஷம் கழித்து இன்றைக்குப் பேசுகிற மேனேஜர் அங்கே இருக்கப் போவதில்லை.

அரசு நிலம் கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் கொடுத்தீர்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது, "இன்ன சர்வே எண் தொடர்பான விண்ணப்பம், உத்தரவு ஆகியவற்றின் நகல்" என்று கேளுங்கள்.

சரி, சபை. வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "சோலார் வேண்டாம்" என்று மொட்டையாக எழுதினால் ஓர் அதிகாரியும் சட்டை செய்ய மாட்டார். "சர்வே எண் இன்ன ஓடைப் புறம்போக்கை வேலிக்குள் அடைக்கக் கூடாது", "இன்ன வண்டிப்பாதை திறந்தே இருக்க வேண்டும்", "தகடு கழுவ ஊருக்குள் போர்வெல் போடக் கூடாது, தண்ணீர் எங்கிருந்து என்பதைக் கம்பெனி எழுத்தில் தர வேண்டும்" என்று ஒவ்வொன்றையும் தனித் தீர்மானமாகக் கொடுங்கள்.

நான் ஒருமுறை ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்குள் நுழையும்போதே நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், நாங்களும் வருகைக்குத்தானே என்று போட்டோம், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதே பக்கங்களுக்குப் பின்னால் நாங்கள் பேசாத தீர்மானம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதனால் இப்போதெல்லாம் தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, எழுதி முடித்த பக்கத்தை அங்கேயே செல்போனில் படம் எடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் அந்தப் படத்தோடும் வண்ணம் அடித்த வரைபடத்தோடும் மனு கொடுங்கள். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.